எட்டு வருஷம் தள்ளிப்போட்ட உயில்

சின்னவளின் அம்மாவுக்கு,

நான் சுகம். உன் முதுகுவலி தேவலையா? சின்னவளுக்கு இருமல் நின்றதா?

போன வாரம் நான் பழுது பார்த்துக்கொண்டிருந்த லிஃப்ட் பாதியில் நின்றுவிட்டது. இரண்டு மணி நேரம் உள்ளேயே இருந்தேன். பயப்படாதே, ஒரு கீறல்கூட இல்லை. சும்மா உட்கார்ந்திருந்தபோதுதான் வீடு என் பேரில் மட்டும் இருப்பது உறைத்தது. எனக்கு ஒன்று ஆனால், கையில் ஒரு காகிதமும் இல்லாமல் நீ என் அண்ணன்களோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

எட்டு வருஷத்துக்கு முன் நீ உயில் பேச்சை எடுத்தாய். "நான் எப்போ போவேன்னு பாத்துக்கிட்டு இருக்கியா?" என்று கத்தினேன். அப்புறம் நீ வாயே திறக்கவில்லை. தப்பு என்னுடையதுதான்.

நேற்று எழுதிவிட்டேன். வீடு உனக்கு. இங்கே எங்கள் மெஸ் சமையல்காரரும் கம்பெனி வேன் டிரைவரும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். "நானும் எழுதணும்ண்ணே, அடுத்த மாசம் பாக்கலாம்" என்றார் சமையல்காரர். எனக்குச் சிரிப்பு வந்தது; நானும் இப்படித்தானே தள்ளிப்போட்டேன். உயில் என்றால், நான் போன பிறகு இருக்கப்போகும் வீட்டை என் கையாலேயே எழுத வேண்டும். அந்தப் பயத்தில்தான் இத்தனை நாள் ஓட்டியிருக்கிறேன்.

உயில் இதோடு இருக்கிறது. பீரோவில் பத்திரத்தோடு வை. என் மூக்குக்கண்ணாடிக்கு டாக்டர் எழுதிய சீட்டும் அங்கேதான் இருக்கும், அனுப்பு. அப்படியே நீயும் சின்னவளும் வாசலில் நிற்கிற மாதிரி ஒரு போட்டோவும்.

வேன் ஹாரன் அடிக்கிறது. திட்டி பதில் போடு. எட்டு வருஷமாக நீ விழுங்கியதையெல்லாம் சேர்த்தே எழுது.

உன் வீட்டுக்காரன்