கிள்ளானில் உன் பேரில் ஒரு கடை

எனக்குத் தலை பின்னிவிட்ட சரசக்காவுக்கு,

உன் பதினாறாம் நாள் காரியத்துக்கு மாமா மலேசியாவின் கிள்ளானிலிருந்து வந்திருந்தார். நீ படுத்த படுக்கையாகக் கிடந்தபோது தந்தி கொடுத்தும் வராத உன் புருஷன்தான். அம்மா காலில் விழுந்து அழுதார். நான் அடுப்படியில் நின்று அவர் கண்ணையே பார்த்தேன். அது கிணற்றையும் கரும்பையும் அளந்துகொண்டிருந்தது.

சாப்பாடு முடிந்ததும் பெரியப்பா பேச்சை எடுத்தார். "அக்கா போன எடத்துக்குத் தங்கச்சியக் கட்டறது நம்மள்ல உள்ளதுதானுங்களே." எல்லோரும் தலையாட்டினார்கள். அப்பா இல்லாத, ஆண்பிள்ளை இல்லாத வீடு. இருப்பது தோட்டமும் நானும்.

மாமா மெதுவாகச் சொன்னார்: "அம்மிணி அங்க வர வேண்டியதில்லீங்க. பிரஜா உரிமையும் மாத்த வேண்டாம். இந்தியாக்காரியாவே இருக்கட்டும். தோட்டத்தை அவ பேர்லயே எழுதீரலாம்."

வெளிநாட்டுப் பிரஜை இங்கே விவசாய நிலம் வாங்க முடியாதாம், அதற்குத்தான் என் பேர். உனக்கு மட்டும் ஏன் அக்கா மாற்றச் சொன்னார்?

அங்கே குடியுரிமை உள்ளவர்களுக்குத்தான் கடை லைசென்ஸ், அதுவும் ஆளுக்கு ஒன்று. இரண்டாவது கடைக்கு உன் பேர் வேண்டியிருந்தது. "வெறுங் காயிதந்தான் சரசு" என்றாராம். நீ அங்கே பிரமாணம் எடுத்த அன்றே இங்கே உன் குடியுரிமை போய்விட்டது. இரண்டையும் வைத்துக்கொள்ள நம் சட்டம் விடாது. கடை வந்தது. அதில் உட்கார வேறொருத்தி வந்தாள். "கொஞ்ச நாள் அம்மாகிட்ட இருந்துட்டு வா" என்று உன்னை அனுப்பிவிட்டார்.

பிறந்த ஊரில் நீ விசாவில் இருந்தாய். கெடுவை நீட்டிக்க இருவரும் சேலம் போனோம். "மோகனூர் ஆத்தங்கரையில பொறந்தவளுங்க நான்" என்றாய். அந்தப் போலீஸ்காரர் சிரித்தார். "பாஸ்போர்ட்டுல அப்பிடி இல்லியே தாயி. மலேசியாக்காரங்க நல்லாத் தமிழ் பேசறீங்க!" நீயும் சிரித்தாய். பஸ்ஸில் வரும்போது அழுதாய்.

மறுபடி இந்தியக் குடியுரிமை கேட்டால் அந்த நாட்டை விட வேண்டும். விட்டபின் இங்கே கிடைக்க எத்தனை காலமோ. "நடுவுல நான் எந்த நாட்டுக்காரி கண்ணு?" என்று கேட்டாய். மனுப் போடுவதற்குள் உனக்கு மஞ்சள்காமாலை வந்துவிட்டது.

அன்றைக்கு அடுப்படியை விட்டு வெளியே வந்தேன் அக்கா. விருந்தாளி வந்தால் கதவுக்குப் பின்னால் நிற்பேனே, அந்த நான்தான்.

"மாமா மலேசியாப் பிரஜா உரிமைய விட்டுட்டு இந்தியாவுக்கு எழுதிக் குடுக்கட்டுங்க பெரியப்பா. கெடைச்சதுக்கப்புறம் கட்டிக்கறனுங்க."

பெரியப்பா சிரித்துவிட்டார். "அட, பேசாத புள்ள பேசீருச்சு! நாயந்தானுங்க மாப்பிள்ளை, வெறுங் காயிதந்தானுங்களே?"

மாமா முகம் வெளுத்தது. "வெளையாடாதீங்க. அத விட்டா அங்க எல்லாம் போயிரும். இங்க குடுக்க வருசக்கணக்காவும். நடுவுல நான் எந்த நாட்டுக்காரனுங்க? நாதியத்துப் போயிருவனுங்க!"

சொன்ன பிறகுதான் அவர் காதிலேயே அது விழுந்தது. அம்மா எழுந்து, அவர் முன்னால் இருந்த வெற்றிலைத் தட்டை எடுத்துக்கொண்டாள். "இதச் சொல்லிச் சொல்லித்தான் எம் புள்ள செத்துச்சு. எந்திரிங்க."

கிளம்பும்போது வாசலில் நின்று கெஞ்சினார். "அத்தே, சரசு செத்ததை ஆபீசுல பதிஞ்சு கிதிஞ்சு வெச்சிராதீங்க. அவ பேர்ல இருக்கற கடை போயிரும்."

அதுவரை எங்களுக்கு அது தோன்றவே இல்லை அக்கா. அவராகவே சொல்லிக்கொடுத்தார்.

மறுநாள் காலையிலேயே அம்மாவும் நானும் போய்ப் பதிந்தோம். சான்றிதழ் வாங்கி, கிள்ளானில் லைசென்ஸ் கொடுக்கும் ஆபீசுக்கு ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பினேன். எட்டாவதோடு நின்றவளுக்கு இங்கிலீஷ் வருமா? தமிழிலேயே எழுதினேன். அங்கே படிக்க ஆள் இல்லாமலா போய்விடும்? வெளிநாட்டு மாப்பிள்ளைக்குப் பெண் கொடுக்கும் நம் ஊர்க்காரர்களும் படிக்கட்டும் என்றுதான் இதையும் எழுதுகிறேன்.

பாவம் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அப்படி இல்லை. பதில் வரும்வரை மாதம் தவறாமல் எழுதுவேன். அந்தக் கடைக்குப் பூட்டு விழுந்த சேதி வருகிற அன்று உன் படத்துக்கு முன்னால் பாயசம் வைப்பேன். சத்தியம்.

உன் இடத்துக்கு வர மறுத்த தங்கச்சி,
தனம்