அடுக்களைக்கு ஜன்னல்

ஸ்ரீவராகம், கொல்லம் ஆண்டு 1117 ஐப்பசி 9

இன்றைக்கு அடுக்களைக்கு ஜன்னல் வைத்தாயிற்று. எனக்கொருவனுக்கு இவ்வளவு பெரிய வீடு எதற்கென்று மூன்று குடித்தனமாகத் தடுத்து வாடகைக்கு விடப்போகிறேன். புகை போக வழியில்லாத அடுக்களைக்கு அனுமதி கிடையாது என்றார் நகரசபை இன்ஸ்பெக்டர். மறுபேச்சில்லாமல் தலையாட்டினேன்.

இதையேதான் பார்வதி இருபது வருஷம் கேட்டாள். "ஏன்னா, கண்ணெல்லாம் எரியறது. சின்னதா ஒரு ஜன்னல் போறுமே." கொல்லைச் சந்தில் போகிறவன் பார்வை மடி அடுக்களையில் படவா என்று கத்துவேன். இருமி இருமியே போய்ச் சேர்ந்தாள்.

சுவரில் கடப்பாரையை வைத்த கொத்தன் சட்டென்று நிறுத்தினான். "சாமி, இஞ்ச முன்னமே ஒரு ஓட்டை உண்டே."

அடுப்புக்கு நேரே, வெட்டுக்கல் இடுக்கில், இரண்டு விரல் நுழைகிற ஓட்டை. அதில் ஒரு துணியைச் சுருட்டித் திணித்திருந்தது. பிரித்துப் பார்த்தேன். வெளிப்பக்கமெல்லாம் கரி. உள்மடிப்பில் மட்டும் அவளுடைய அரக்குப் புடவையின் நிறம் அப்படியே இருந்தது.

நான் ஆபீஸ் போனதும் அதை எடுத்துவிடுவாள் போலிருக்கிறது. சாயங்காலம் என் செருப்புச் சத்தம் கேட்டதும் திரும்ப அடைத்திருப்பாள்.