கதிர்காமத்துக்கு நேர்ந்த முடி

அனுமந்தன்பட்டி,
ஐப்பசி 12.

மதிப்புக்குரிய பந்துல அண்ணனுக்கு,

பதுளையில் உங்கள் பேக்கரிக்குப் பாண் வாங்க வந்த பவுனு எழுதுவது. இதைப் படிக்கும்போது உங்கள் அம்மாவுக்கு மூச்சு சீராக ஓட வேண்டும். நீங்கள் தமிழிலேயே எழுதியிருந்தீர்கள். தோட்டத்து ஆட்களோடு பேசிப் பழகிய தமிழ் இன்னும் மறக்கவில்லை போல.

போன் வந்த மூன்று தடவையும் கட் செய்தது நான்தான். பேத்தி ஹேமாவதி, "ஏன் அம்மாச்சி, சாகக் கெடக்குற மனுசிகிட்ட ஒரு வார்த்த பேசுனா கொறஞ்சா போயிருவ?" என்று கத்தினாள். நான் சொன்ன கதையைப் பேஸ்புக்கில் போட்டு உங்களை இழுத்துவிட்டவள் அவள்தான். எனக்குப் பேசப் பயம். என் வாய் என்ன சொல்லுமோ, எனக்கே தெரியாது. அதனால் எழுதுகிறேன். நாலாம் வகுப்புப் படிப்பு, எழுத்து கோணல்தான். இந்தத் தாளை அவள் படம் பிடித்து அனுப்புவாள். தபாலுக்குக் காத்திருக்க நேரமில்லை.

உட்கார்ந்தால் நிலைகொள்ளவில்லை. நேற்று வேலைக்குப் போக ஏலக்காய் எஸ்டேட் ஜீப்பில் ஏறிவிட்டு, குமுளி ஏற்றத்தில் நிறுத்தச் சொல்லி இறங்கி நடந்தே திரும்பினேன். டிரைவர் தங்கபாண்டி, "என்னக்கா, பேய் கீய் அடிச்சிருச்சா?" என்றான்.

நான் எதையும் மறக்கிறவள் இல்லை. எண்பத்து மூணு, ஆடி மாசம், எனக்குப் பத்து வயது. தெருவில் தமிழர் கடைகள் எரிந்தபோது, சிங்களப் பொம்பளையான உங்கள் அம்மா என்னை உள்ளே இழுத்து, பாண் சுடும் போறணைக்குப் பின்னால் விறகுக்குள் தள்ளினார். சாயங்காலமே கத்தரியை எடுத்தார். அம்மை போட்டு நான் பிழைத்ததற்காக, என் அம்மா கதிர்காமத்து முருகனுக்கு நேர்ந்து மூன்று வருஷம் வளர்த்த முடி அது. அந்த ஆடியிலேயே போய் இறக்குவதாக இருந்தோம். சாமி முடி, சாமி முடி என்று அழுதேன். கேட்கவில்லை. மொட்டையடித்து, உங்கள் காற்சட்டையை மாட்டிவிட்டு, தேடி வந்த ஆட்களிடம் தன் தங்கை மகன், ஊமை என்றார். பதினேழு நாள் ஊமையாக இருந்தேன். முடி வெட்டிய அன்றே போறணையில் ஏதோ கருகும் வாடை வந்தது. என் முடிதான் என்று முடிவு கட்டிவிட்டேன்.

அப்புறம் அகதிகள் இருந்த பள்ளிக்கூடத்தில் கொண்டுவந்து விட்டீர்கள். என் அப்பாவைத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டு வாசலிலேயே வெட்டிவிட்டார்கள் என்று அங்கேதான் தெரிந்தது. என் அம்மா என் தலையைத்தான் பார்த்தாள். "சாமி முடியக் கண்டவ கையில குடுத்துட்டு வந்து நிக்கிறியே, அதான் ஒன் அப்பனச் சாமி எடுத்துக்கிருச்சு" என்றாள். கப்பலேறித் தாத்தா பிறந்த இந்த ஊருக்கு வந்த பிறகும், சாகும்வரை என் தலைக்கு ஒரு தரம் எண்ணெய் வைத்ததில்லை. பெற்றவளைக் கோபிக்க முடியுமா? உங்கள் அம்மாவைக் கோபித்தேன். இன்றும் கம்பம் கடைவீதியில் பேக்கரி வாசலை மூக்கைப் பொத்திக்கொண்டுதான் தாண்டுவேன்.

இப்போது எழுதுகிறீர்கள், எரிந்தது என் பாவாடையாம். முடியை உங்கள் அம்மா மாவு டின்னில் ஒளித்துவைத்து, மறு வருஷம் கதிர்காமம் கொண்டுபோய், "வெட்டியது நான், அந்தப் பிள்ளையைத் தொடாதே" என்று சாமியிடம் கும்பிட்டுக் கொடுத்தாராம். ஆறுதலுக்குச் சொல்லும் பொய் என்றே மூன்று நாள் நினைத்தேன். நாலாம் நாள் திரும்பப் படித்தபோதுதான் கவனித்தேன், பின்னல் நுனியில் மஞ்சள் துணியில் முடிந்த காசையும் உண்டியலில் போட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த முடிச்சைப் பற்றி நான் யாரிடமும் சொன்னதில்லை.

என் அம்மா போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. இதை அவள் காதில் போட ஒருத்தரும் இல்லாமல் போனார்களே! உங்களுக்கும் தேட வழி இருந்திருக்காது. தெரிகிறது. ஆனாலும் இந்தக் கோபம் உங்கள் மேல் கொஞ்ச நாள் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பிள்ளைக்கு முடி வளர்ந்ததா என்று உங்கள் அம்மா கேட்டுக்கொண்டே இருப்பதாக எழுதியிருந்தீர்கள். வளர்ந்தது. இடுப்புக்குக் கீழே, பாதி நரை. அவிழ்த்துவிட்டு வாசலில் நின்றேன், ஹேமாவதி படம் எடுத்தாள். பக்கத்து வீட்டுக் கஸ்தூரியம்மாள், "தலைய விரிச்சுப் போட்டு நிக்காதடி, வீட்டுக்கு ஆகாது" என்று வைதாள். "ஆகாட்டிப் போகட்டும், ஒஞ் சோலியப் பாரு" என்றேன். படத்தைக் காட்டுங்கள்.

ஒன்றை நான் யாரிடமும் சொல்லவில்லை. கத்தரி பட்டபோது உங்கள் அம்மாவின் இடது கையைக் கடித்தேன். என் வாயெல்லாம் ரத்தம். தெருவில் எங்களைத் தேடிய ஆட்கள் நின்றார்கள். அவர் கத்தவில்லை. கையை உருவிக்கொள்ளவும் இல்லை. கட்டைவிரலுக்குக் கீழே பாருங்கள், தழும்பு இருக்கும். காது கேட்காவிட்டாலும் பரவாயில்லை, அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு பவுனு வந்திருக்கிறாள் என்று சொல்லுங்கள். பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டிருக்கிறேன். அதுவரைக்கும் அம்மாவை அனுப்பிவிடாதீர்கள், அண்ணா.

உங்கள் தங்கச்சி,
பவுனு