எம்.பி.க்கு முன்னால் நான் கூட்டாமல் சொன்னது

என் உயிரான பெரியக்காவுக்கு,

வென்றுவிட்டோம் அக்கா! அங்கே உங்களுக்கு யாராவது முந்திச் சொல்லியிருந்தாலும் பரவாயில்லை, இந்தச் செய்தியை என் வாயால் கேட்டால்தான் கேட்டமாதிரி இருக்கும். கருக்கலைப்புக்கு இங்கிலாந்துச் சட்டம் விட்டிருக்கிற இருபத்து நான்கு கிழமைக் கெடுவை இருபதாகக் குறை, பன்னிரண்டாகக் குறை என்று பாராளுமன்றத்தில் ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். வாக்கெடுப்பில் ஒன்றும் எடுபடவில்லை. சட்டம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. இதில் உங்கள் தம்பியின் பங்கு முக்கால்வாசி.

சரி, சரி, முகத்தைச் சுளிக்காதீர்கள். பாதி. "தம்பி, நீ சொல்லுறதிலை பாதியை எடுத்து வைச்சிட்டுத்தான் நான் கேக்கிறது" என்று கடைசிவரைக்கும் சொன்னீர்களே. நீங்கள் போய் இரண்டாவது சித்திரையும் வந்துவிட்டது. இப்போது யார் எனக்குப் பாதியை எடுத்து வைப்பது?

உங்கள் மகள் யாழினி நேர்ஸ் படிப்பில் இரண்டாம் வருடம். படிப்பா படிக்கிறாள்? குளிரில் வெம்பிளி ஸ்டேசன் வாசலில் நின்று, போகிறவர் வருகிறவர் எல்லாரையும் மறித்து, "குறைக்கவேண்டாமெண்டு உங்கட எம்.பி.க்கு இந்த அட்டையை அனுப்புங்கோ" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒரே கோபம் எங்கள் எம்.பி.யில்தான். அவர் குறைக்கிற பக்கம் சாய்ந்துகொண்டிருந்தார். நம்முடைய தமிழ்ப் பெரியவர்கள் சிலர் கோட்டும் சூட்டுமாகப் போய், "எங்கள் பெண்களுக்கு இது வருகிற காரியமே இல்லை" என்று அவரிடம் சொல்லிவிட்டு வந்திருந்தார்கள். அது பொய்யென்று காட்டத் தமிழ்ப் பெண்களின் அட்டைகள் அவளுக்கு வேண்டியிருந்தன. தமிழ்ப் பெண்களோ அட்டையைக் கண்டதும் பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்கள்.

அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. லண்டனில் தமிழ்த் தாய்மார் எல்லாரும் ஒரே கூரையின் கீழ் கூடுகிற இடம் எது? சாமத்திய வீடு! அங்கே மைக் யாருடைய கையில்? உங்கள் தம்பியின் கையில். சிவநேசன் அண்ணையின் மூத்த மகள் வயதுக்கு வந்ததைக் கொண்டாட வெம்பிளியில் பெரிய ஹோல் எடுத்திருந்தார்கள். ஐயாயிரம் சனம் இருக்கும். பாதியை எடுங்கள். மிச்சத்திலும் பாதியை எடுங்கள்.

ஆராத்திக்குச் சோடி சோடியாகப் பெயர் கூப்பிடுவது என் வேலை என்பது உங்களுக்குத் தெரியும். அறிவிப்பாளர் சொன்னால் சனம் கேள்வி கேளாது. வலப்பக்கத்தால் ஏறு என்றால் ஏறும், கமராவைப் பார் என்றால் பார்க்கும். நான் இப்படி ஒரு வசனத்தைச் சேர்த்துவிட்டேன்: "ஆராத்தி எடுத்த தாய்மார் இறங்கும்போது, வாசலில் இருக்கும் மேசையில் எம்.பி. அவர்களுக்குரிய அட்டையில் ஒப்பமிட்டுவிட்டுச் சாப்பிடச் செல்லவும்."

என்ன நடந்தது தெரியுமோ அக்கா? ஒருவர் மிச்சமில்லை! சோடியாக ஆராத்தி எடுத்தவர்கள் சோடியாகவே ஒப்பம் வைத்தார்கள். அதுவும் சடங்கில் ஒரு பகுதி என்று நினைத்துவிட்டார்கள். ஒரு மாமி பேனையை எடுக்க முதல் மேசைக்குக் குங்குமம் வைத்தா. பெட்டி நிறைந்து வழிந்தது.

சிவநேசன் அண்ணை ஓர் அட்டையை எடுத்து வாசிக்கும்வரைக்கும் எல்லாம் நல்லாகத்தான் போனது.

"டேய் குணம், என்ரை பிள்ளையின்ரை சாமத்திய வீட்டிலை கருக்கலைப்போ?"

"அண்ணை, மைக் ஓனிலை இருக்கு."

"இருக்கட்டும்! வீடியோவிலை இது ஒரு துண்டும் வரப்படாது. வெட்டு! உன்னையும் சேத்து வெட்டு!"

அவரைச் சமாளித்துவிட்டேன். யாழினியைத்தான் சமாளிக்க முடியவில்லை. பெட்டியைக் கொண்டுபோய் அவளுக்கு முன்னால் வைத்துவிட்டு மாலை விழும் என்று கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கிறேன். அவள் அட்டைகளைக் கிழிக்கத் தொடங்கினாள்.

"பிள்ளை, என்ன செய்யிறாய்?"

"என்னத்துக்கெண்டு தெரியாமல் வைச்ச ஒப்பம் எனக்கு வேண்டாம் மாமா. இதைக் கொண்டுபோய்க் குடுத்தால், 'எங்கட பொம்பிளையளுக்கு இது வராது' எண்டு அவையளைக் கேளாமலே சொல்லுற அந்தப் பெரியாக்களுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?"

"அப்ப எம்.பி.யிட்டை வெறுங்கையோடையோ போகப்போறாய்?"

"ஒராள் வந்து உண்மையைச் சொன்னால் காணும். ஆர் வருவினம்?"

நீங்கள் பெற்றது அப்படியே நீங்கள்தான். அந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியும். எனக்கும் உங்களுக்கும் மட்டும்தான் தெரியும். கடைசிக் காலத்தில் ஆஸ்பத்திரியில் கட்டிலில் இருந்தபடி எனக்குச் சொன்னீர்களே: "நான் இருக்குமட்டும் சொல்லாதை. போனாப்பிறகு ஆருக்கும் உதவுமெண்டால் சொல்லு. ஆனால் உன்ரை பாணியிலை சொல்லாதை. நடந்ததை மட்டும் சொல்லு." நானே வாறன் என்று அவளுக்குச் சொன்னேன். என்ன சொல்லப் போகிறேன் என்பதை மட்டும் சொல்ல வாய் வரவில்லை.

எம்.பி. சனத்தைச் சந்திக்கிற நாள், நூலகத்து மேல் மாடி. அவர் நல்ல மனிதர், எனக்குக் கதிரை இழுத்துத் தந்தார். "லண்டனிலை முதல்தர அறிவிப்பாளர் நான்" என்று தொடங்கினேன். யாழினி அதை இங்கிலீசாக்கவே இல்லை. "மாமா, விசயத்துக்கு வாங்கோ."

வந்தேன்.

"என்ரை அக்கா ஒராள், ஐயா. ஜெர்மனியிலை இருந்து நாங்கள் இஞ்சை வந்த புதுசு. அத்தான் எங்களை விட்டிட்டு அங்கையே நிண்டிட்டார். செவன் கிங்ஸிலை ஒரு வாடகை அறை. அக்கா பிள்ளைத்தாச்சி. இன்னொண்டு தன்னாலை ஏலாதெண்டு சொன்னா. டொக்டரிட்டைப் பதியிறதுக்கு அலைஞ்சதிலையே கிழமையள் போயிட்டுது. எனக்கு இங்கிலீசு தெரியுமெண்டு சொல்லித்தான் அவவைக் கூட்டிக்கொண்டு போனன். தெரியாது. ஆஸ்பத்திரியிலை ஏற்கேக்கை இருபத்தொரு கிழமை."

யாழினி "மாமாவின் ஓர் அக்கா" என்றுதான் சொல்லிக்கொண்டு வந்தாள். எனக்கு அக்காமார் மூன்று பேர் அல்லவா, அது நீங்கள்தான் என்று நினைக்க அவள் துணியவில்லைபோல.

"இருபது எண்டு சட்டம் இருந்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்பினம். ஆரோ குடுத்த நாட்டு மருந்து ஒண்டு அக்காவின்ரை பைக்குள்ளை இருந்தது. இஞ்சை மாட்டனெண்டால் அதைக் குடிக்கிற எண்ணத்திலைதான் வந்தவ. மாட்டனெண்டு சொல்லேல்லை. ஒரு நேர்ஸ் அவவின்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டது. நான் வெளியிலை அவவின்ரை சின்னப் பிள்ளையைத் தோளிலை வைச்சுக்கொண்டு நிண்டனான். அந்தப் பிள்ளைதான் இப்ப எனக்காக உங்களோடை இங்கிலீசிலை கதைக்குது."

யாழினி நிறுத்திவிட்டாள். என்னைப் பார்த்தாள். நான் கீழே பார்த்தேன். பிறகு அவள் அந்த வசனங்களை முதலில் இருந்து திருப்பிச் சொன்னாள். இந்தமுறை "என் அம்மா" என்று சொன்னாள். அந்தளவு இங்கிலீசு எனக்கு விளங்கும் அக்கா.

எம்.பி. ஒன்றும் வாக்குக் கொடுக்கவில்லை. எழுந்து நின்று அவளுக்குக் கை கொடுத்தார். எனக்கும் கொடுத்தார்.

திரும்பி வரும் பஸ்ஸில் கேட்டாள்:

"மாமா, இதிலை எவ்வளவு கூட்டினனீங்கள்?"

"ஒண்டும் கூட்டேல்லைப் பிள்ளை."

"குறைச்சனீங்களோ?"

"ஓம். கொம்மா வீட்டை வந்த கையோடை உன்னை மடியிலை வைச்சுச் சோறு தீத்தினவ. அதைச் சொல்லேல்லை."

அப்போதுதான் என் தோளில் சாய்ந்து அழுதாள். உங்களில் கோபமில்லை அக்கா. "அம்மா தனியப் போகேல்லை, நல்லகாலம்" என்று மட்டும் சொன்னாள்.

இன்னுமொன்று கேளுங்கள். அந்தக் கிழமையே சிவநேசன் அண்ணையின் மனுசி யாழினியைத் தேடிக்கொண்டு ஸ்டேசனுக்கு வந்தா. "பிள்ளை, அந்த அட்டையிலை ஒண்டு தா. இந்தமுறை வாசிச்சிட்டு ஒப்பம் வைக்கிறன்" என்றா. வாசித்துவிட்டு வைத்தா. பிறகு மேசைக்குக் குங்குமம் வைத்த மாமி வந்தா. தெரியாமல் வைத்தவர்களில் வேறு சிலரும் வந்தார்கள். பெட்டி நிறையவில்லை. யாழினிக்கு அது போதுமாக இருந்தது.

வாக்கெடுப்பு அன்று பின்னேரம் பாராளுமன்ற வாசலில் அவளோடு நானும் நின்றேன். கடல்போலச் சனம். சரி, குளம். அடுத்தநாள் காலை நான் என் வான் வண்டியில் ஸ்பீக்கர் பெட்டி ஏற்றிக்கொண்டிருக்க ஓடி வந்தாள். "மாமா! எங்கட எம்.பி. குறைக்கிறதுக்கு எதிரா வாக்குப் போட்டிருக்கிறார்!" ஏற்றின பெட்டியை இறக்கி, மைக்கைப் பூட்டி, "வெம்பிளி வாழ் தாய்மார்களே!" என்று நடுத்தெருவில் ஒரு அறிவித்தல் விட்டேன். பக்கத்துக் குஜராத்திக் கடைக்காரர் சந்தோசத்தில் ஜிலேபி கொண்டு வந்து வாயில் அடைத்தார். என் சத்தத்தை நிறுத்தத்தான் அடைத்தார் என்று யாழினி சொல்கிறாள். அவளும் உங்களைப்போலப் பாதியாக்கப் பழகிவிட்டாள்.

இந்தக் கடிதத்தைப் பத்திரிகையில் போடலாம் என்று சொன்னதும் அவள்தான். தான் முதலில் வாசித்துப் பார்த்தபிறகுதான் போடலாமாம்.

அக்கா, ஒரு சத்தியம். சிவநேசன் அண்ணை இளைய மகளின் சாமத்திய வீட்டுக்கும் அறிவிப்பாளராக என்னைத்தான் பிடித்திருக்கிறார், ஆராத்திப் பெயர்களைத் தவிர வேறெதுவும் வாயில் வரக்கூடாது என்ற நிபந்தனையோடு. நான் எந்த மேடையிலும் எதையும் கூட்டிச் சொல்வேன், அதை நிறுத்த என்னால் ஏலாது. ஆனால் உங்கள் கதையை யார் கேட்டாலும், எங்கே கேட்டாலும், அன்று அந்த மாடியில் சொன்ன அளவுதான் சொல்வேன். அதற்குமேல் ஒரு சொல்லும் கூட்டமாட்டேன். நீங்கள் பாதியை எடுத்து வைக்கத் தேவையே இருக்காது.

அன்று உங்கள் பிள்ளையைத் தோளில் சுமந்து நின்ற,
உங்கள் கடைக்குட்டித் தம்பி
குணம்