உங்கள் கிடாருக்கு அண்ணன் வாங்கிய ஆம்ப்ளிஃபயர்

என்றும் என் அன்புக்குரிய அண்ணிக்கு,

உங்கள் ஸ்டீல் கிடாரை அண்ணன் கையில் எடுத்திருக்கிறார். நம்ப முடிகிறதா? நீங்கள் கண்ணை மூடிப் பதினோரு மாதம் கழித்து, நாற்பத்தாறு வயதில்! ரிஜிஸ்டர் ஆபீசிலிருந்து வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் அதை மடியில் கிடத்திக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார். உங்கள் பழைய மெல்லிசைக் குழுக்காரர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமைகளில் வேலூரிலிருந்து வந்து சொல்லிக்கொடுக்கிறார்.

எனக்கு அதில் சந்தோஷம் இல்லை அண்ணி. உங்களிடம் எதற்கு மறைக்க வேண்டும்? குடும்பம் நடத்திய பன்னிரண்டு வருஷமும் "சத்தம் ஜாஸ்தியா இருக்குது, கம்மி பண்ணு" என்றே சொன்ன மனுஷன் அவர். நீங்களும் கிடாரின் ஒயரை ரேடியோவின் பின்பக்கம் செருகி, பக்கத்தில் நிற்பவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி வாசித்தீர்கள். இப்போது என்ன வந்தது அவருக்கு?

அந்த ரேடியோவும் வால்வு போய் ஊமையாகிவிட்டது. "சேகரு, சின்னதா ஒரு ஆம்ப்ளிஃபயர் பாத்துக் குடுடா. எனக்கு ஒண்ணும் தெரியாது" என்று என்னிடமே வந்து நின்றார். முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. ஒரு வாரம் சைக்கிளை மிதித்துக்கொண்டு அலைந்தேன்.

தேரடித் தெருவில் சவுண்ட் சர்வீஸ்காரர் ஒரு பழைய மைக் செட் ஆம்ப்ளிஃபயரைக் காட்டினார். மலிவுதான். ஆனால் சத்தத்தின் திருகைக் கொஞ்சம் குறைத்தால் கிடார் மறைந்து இரைச்சல்தான் மிஞ்சியது. செங்கம் ரோட்டில், ஆசிரமத்துப் பக்கம் தங்கியிருந்த வெள்ளைக்காரர் ஒருவர் ஊருக்குக் கிளம்பும் அவசரத்தில் தன்னுடையதை விற்கப் பார்த்தார். அப்படி ஒரு இழைவான சத்தம்! ஆனால் அது அவர்கள் ஊர் கரண்டுக்குச் செய்தது. இங்கே செருகினால் புகைந்துவிடுமாம். தனியாக ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். அண்ணன் சம்பளத்துக்கு அது தாங்காது.

கடைசியில் சின்னக்கடைத் தெருவில் ஒரு ரேடியோ மெக்கானிக் தானே செய்து வைத்திருந்த மரப்பெட்டி கிடைத்தது. ஒரு ஸ்பீக்கர், இரண்டே திருகு. அண்ணனையும் கிடாரையும் கூட்டிப்போனேன். அண்ணன் கம்பிமேல் இரும்புத் துண்டை இழுத்தார். சுருதி எங்கேயோ போய் விழுந்தது.

"தப்பு பளிச்சுனு தெரியுதே" என்றேன்.

"கத்துக்கறவங்களுக்கு அதாங்க வேணும்" என்றார் மெக்கானிக். "இரைச்சல்ல தப்பு மறைஞ்சுபோச்சுன்னா எப்படித் திருத்துவாரு?"

நான் சும்மா இருந்திருக்கலாம். "சத்தத்தையும் நல்லா கம்மி பண்ணிக்கலாம்ணா. உங்களுக்கு அதானே புடிக்கும்?" என்று குத்திவிட்டேன்.

அண்ணனின் கை நின்றுவிட்டது. தலை நிமிராமலே பேசினார். "அவ வாசிச்சத நான் கேக்கவே இல்லடா. என்ன பாட்டு வாசிச்சான்னு யாராவது கேட்டா, ஒண்ணுகூட எனக்குச் சொல்லத் தெரியல. கத்துக்கிட்டா ஒருவேளை ஞாபகத்துக்கு வருமோன்னு பாக்கறேன்."

மெக்கானிக் திரும்பிக்கொண்டு வேறு ஏதோ ரேடியோவைக் குடைய ஆரம்பித்தார். அந்தப் பெட்டியையே வாங்கினோம். அதை நான் சைக்கிள் கேரியரில் கட்டித் தள்ளிக்கொண்டு வர, அண்ணன் கிடாரோடு பக்கத்தில் நடந்தார்.

அன்றிலிருந்து எனக்கு நிலைகொள்ளவில்லை அண்ணி. ஏனென்றால் எனக்கு அந்தப் பாட்டுகள் தெரியும். அடுப்படிக்குப் பக்கத்து அறையில் நீங்கள் வாசித்த நாலு மெட்டு அப்படியே காதில் இருக்கிறது. ஞாபகத்துக்கு வருமா என்று அவர் தவித்தபோது நான் சொல்லவில்லை. அவை எனக்கு மட்டும் சொந்தம் என்று நினைத்தேனா? அவருக்கு நன்றாக வேண்டும் என்று நினைத்தேனா? "இருக்கட்டும்ணா, வாசிக்கட்டும்" என்று அந்தப் பன்னிரண்டு வருஷத்தில் நானாவது ஒரு தடவை சொன்னேனா?

இதை எழுதும்போதும் கூடத்தில் இரும்பு கம்பிமேல் வழுக்கிக்கொண்டிருக்கிறது. எதையோ தேடுகிறார், கிடைக்கவில்லை.

எழுந்து போகிறேன் அண்ணி. முதல் மெட்டை இன்றைக்கே அவருக்கு முணுமுணுத்துக் காட்டுகிறேன். மீதி மூன்றையும் ஒளித்து வைக்க மாட்டேன்.

உங்கள் கொழுந்தன்,
சேகர்