உமாவின் பகடையும் நான் பிடித்த கயிறும்

அன்பு மகள் மஞ்சுவுக்கு அப்பா எழுதுவது.

இங்கே சாரல் ஆரம்பித்துக் குற்றாலத்தில் தண்ணீர் நன்றாக விழுகிறது, நானும் உமாவும் சுகம். மெல்போர்ன் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். போனில் பேசினால் உன் தங்கச்சி காதில் விழும், அதனால் எழுதி, அவள் சிநேகிதன் முஃபீத் மூலம் போட்டோ எடுத்து அனுப்புகிறேன். உங்கள் அம்மா போய்ச் சேர்ந்த இந்த இரண்டு வருஷத்தில் சாப்பிட்டாச்சா, கேஸ் வந்தாச்சா என்பதைத் தாண்டி நாங்கள் இருவரும் பேசிக்கொண்டதில்லை. நாக்பூரில் வேலை கிடைத்தும் உமா போகமாட்டேன் என்றாள், கேட்டால் பிடிக்கவில்லை என்றாள். நானும் விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மாடியில் சிநேகிதர்களோடு அவள் ஆடும் விளையாட்டுதான் போன மாதம் முழுக்கப் பேச்சு. உன் சண்முகசுந்தரி அத்தை இலத்தூரிலிருந்து போன் பண்ணி, அண்ணே, உமா பகடை உருட்டுதாளாமே, பேயி பூதம்னு வேற சத்தம் கேக்குதாம், நாளைக்கு எவன் பொண்ணெடுப்பான் என்று ஒரு பாட்டம் தீர்த்துவிட்டாள். எனக்கும் பக்கென்று ஆகிவிட்டது. நேரே காசி விசுவநாதர் கோயிலுக்குப் போய்ப் பூக்கட்டிப் பார்த்தேன், சிவப்பு வந்தால் நிறுத்திவிடுவது, வெள்ளை வந்தால் விட்டுவிடுவது என்று. வெள்ளை வந்தது. மனசு ஒப்பாமல் மறுபடியும் கட்டிப் போட்டேன், மறுபடியும் வெள்ளை. வீட்டுக்கு வந்து சொன்னால் உன் தங்கச்சி விழுந்து விழுந்து சிரிக்கிறாள். சாமி முன்னால நீங்க பூப் போட்டுப் பாத்தா பக்தி, நான் பகடை போட்டா மட்டும் சூதாட்டமாப்பா என்று கேட்டுவிட்டு, எபனேசருக்குக் காய்ச்சல், அவன் இடத்துல இன்னைக்கு நீங்க உக்காருங்க என்றாள்.

மஞ்சு, பந்தயமும் இல்லை, பேயும் இல்லை. உமா கதை சொல்லுகிறாள், மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு அந்தக் கதைக்குள் என்ன செய்கிறோம் என்று சொல்ல வேண்டும், நடக்குமா நடக்காதா என்பதை இருபது முகமுள்ள ஒரு பகடை முடிவு பண்ணும், அவ்வளவுதான். ரூபி மந்திரக்காரி, முஃபீத் திருடன், நான் வேஷத்திலும் பாத்திர வியாபாரிதான். வழி மறித்த பூதத்துக்கு ஒரு பித்தளை அண்டாவைத் தலையில் கட்டிவிட்டேன், முஃபீத் சிரித்ததில் டீ மூக்கில் ஏறிவிட்டது. நம் வீட்டில் வாயே திறக்காத பிள்ளையா இது என்று நான் உமாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். பூதத்துக்கு ஒரு குரல், ராஜாவுக்கு ஒரு குரல், அவள் வெள்ளம் வருகிறது என்றால் நான் காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொள்கிறேன்!

கடைசியில் ஒரு கயிற்றுப் பாலம். ஒருவர் இக்கரையில் நின்று கயிற்றைப் பிடித்தால்தான் மற்றவர்கள் போகமுடியும், பிடிக்கிறவர் போகமுடியாது. நான் பிடிக்கிறேன் என்றேன். முஃபீத்தும் ரூபியும் போய்விட்டார்கள், எங்களுக்கு வழிகாட்டி வந்த பெண் மட்டும் போகவில்லை. அவளுக்கும் உமாதான் குரல். நான் போயிட்டா இந்தப் பெரியவருக்கு யாரு சோறு போடுவா என்று கேட்டாள். அது வேஷக் குரல் இல்லை மஞ்சு, அவள் சொந்தக் குரல், பாதியில் உடைந்தும் போனது. நாக்பூர் ஏன் பிடிக்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. பாத்திரம் விக்கிறவனுக்கு அதுல சமைக்கத் தெரியாதா தாயி, நீ தைரியமாப் போ என்றேன். சொன்னால் போதாதாம், பகடை போட வேண்டுமாம். போட்டேன், நாலுதான் விழுந்தது. கணக்குப்படி அது தோல்வி, கயிறு கை நழுவ வேண்டும். உமா அந்த நாலையே வெகுநேரம் பார்த்தாள். பிறகு, கை உரிஞ்சு ரத்தம் வருது, ஆனா நீங்க விடல, அவ அக்கரைக்குப் போயிட்டா என்றாள்.

மறுநாள் காலையில் நாக்பூருக்குச் சம்மதம் எழுதிப் போட்டுவிட்டாள். இரண்டு வருஷம் ஒரே வீட்டில் இருந்து எங்களால் கேட்கமுடியாததை ஒரு விளையாட்டு கேட்க வைத்துவிட்டதே என்று இன்னும் எனக்கு ஆச்சரியம் அடங்கவில்லை. அத்தையையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்த்தி வைக்கப்போகிறேன்.

நீங்கள் இருவரும் எந்தக் குறையும் இல்லாமல் நூறாண்டு இருக்க வேண்டும், குளிரில் தலைக்குக் கட்டிக்கொள். ஒன்றை மறந்துவிடாதே. வருகிற வெள்ளிக்கிழமை சாயங்கால ரயிலில் உமா புறப்படுகிறாள். உனக்குத் தூங்குகிற நேரம்தான், ஆனாலும் சரியாக வண்டி நகருகிற நேரத்துக்கு எனக்குப் போன் போட்டு எதையாவது பேசிச் சிரிக்க வை. நான் அழுவதைப் பார்த்தால் அவள் இறங்கிவிடுவாள்.

இப்படிக்கு,
உன் அப்பா
ப. நமசிவாயம்
தென்காசி