தூங்கக் கூடாத கிழமைகள்

காமயகவுண்டன்பட்டி
19-2-1979

அன்புள்ள கஸ்தூரிக்கு,

இங்கு நானும் அம்மாவும் சுகம். தேவதானப்பட்டியில் நீயும் மாமாவும் அத்தையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். புருஷன் பெண்டாட்டிக்கு நன்றி சொல்லிக் கடிதம் எழுதுவது நம் பக்கம் வழக்கமில்லை. படித்துவிட்டுச் சிரிக்காதே. சிரித்தாலும் பரவாயில்லை, நீ சிரித்து நான் பார்த்து ரொம்ப நாளாயிற்று.

முதலில் நல்ல செய்தி. வருகிற ஒன்றாம் தேதியிலிருந்து லோயர் கேம்ப் பவர் ஹவுஸில் எனக்குப் பகல் ஷிப்ட். இரவு ஷிப்டை நானேதான் கேட்டு வாங்கினேன். பகலில் திராட்சைத் தோட்டத்தைப் பார்த்து, பெரிய உழைப்பாளி என்று பேரும் வாங்கினேன். அந்தப் பேர் இனி வேண்டாம்.

நீ சொல்லிச் சொல்லி அலுத்துப்போன காரியத்தை நீ போன பிறகுதான் செய்தேன். தேனிக்குப் போய் வைகுண்டராஜ் டாக்டரைப் பார்த்தேன். வெட்கத்தில் கால்மணி நேரம் முதுகுவலியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன். "முதுகு கெடக்கட்டும், வீட்ல எப்படி இருக்கீக?" என்று அவரே கேட்டுவிட்டார். மனதில் ஆசை இருந்தும் உடம்பு கட்டையாய்க் கிடப்பதைச் சொன்னேன். நாலு வருஷமாகப் பிள்ளையில்லை என்பதையும் சொன்னேன்.

எப்போது தூங்குவீர்கள் என்று கேட்டார். புதனும் சனியும் எண்ணெய்க் குளியல், அன்று பகலில் தூங்கக் கூடாது என்றேன். சூடு தணிந்தால் பிள்ளை தங்கும் என்று அம்மா திங்களையும் வியாழனையும் சேர்த்துவிட்டதையும் சொன்னேன். எண்ணெய் தேய்த்த அன்று புருஷன் பெண்டாட்டி சேரக் கூடாது, செவ்வாயும் வெள்ளியும் நீ எண்ணெய் தேய்க்கும் முறை என்றேன். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "அப்ப ஞாயித்துக்கிழமைதான் மிச்சம். அன்னைக்கு?" என்றார். அன்று தோட்டத்துக்கு மருந்தடிப்பு என்றேன். மனிதர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். எனக்கும் அடக்க முடியவில்லை.

அப்புறம் பொறுமையாக விளக்கினார். ஆண்மைக்கான ஹார்மோன் என்று ஒன்று நம் உடம்பிலேயே ஊறுகிறதாம், அது பெரும்பாலும் தூக்கத்தில்தான் ஊறுமாம். வருஷக் கணக்கில் தூக்கத்தைக் கெடுத்தால் ஆசையும் தெம்பும் தானே வற்றிவிடுமாம். பெண் உடம்பிலும் அதுவே கொஞ்சம் ஊறுகிறதாம். அது எனக்குப் புதுச் செய்தி. "ஒங்க வீட்டுக்காரம்மா எத்தன மணிநேரம் தூங்குறாக?" என்று கேட்டார். நான் கிளம்பும்வரை விழித்திருப்பாய், நான் திரும்புவதற்குள் எழுந்து அடுப்பு மூட்டியிருப்பாய். நடுவில் தூங்கினாயா என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

தெம்புக்கென்று கம்பம் பஜாரில் நான் வாங்கிய லேகியத்தை வாய்க்காலில் கொட்டச் சொன்னார், கொட்டிவிட்டேன். தொந்தி குறைய நடக்கச் சொன்னார். முட்டை, நிலக்கடலை, கீரை சாப்பிடச் சொன்னார். எண்ணெய்க் குளியல் வாரம் ஒருநாள் போதுமாம். பிள்ளை பிறக்கும் என்று அவர் சத்தியம் செய்யவில்லை. ஆறு மாதம் பார்ப்போம், பிறகு தேவையானால் இரண்டு பேருக்கும் சோதனை செய்வோம் என்றார். இப்போதே உடம்பு லேசாக இருக்கிறது. கோபமும் குறைந்திருக்கிறது.

இனி நன்றிக்கு வருகிறேன். தை மாதம் அம்மா எனக்குக் கூடலூர்ப் பெண்ணை இரண்டாந்தாரமாகக் கட்டப் பேச்செடுத்தபோது, "கொறை எங்கிட்டதான் அத்தே, அவுகள ஒண்ணும் சொல்லாதீக" என்றாய். நான் உள்ளே படுத்திருந்தேன். விழித்துத்தான் இருந்தேன். எழுந்து வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. மறுநாள் நீ பெட்டியோடு பஸ் ஏறினாய். ஊர் உன்னை மலடி என்றது, நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நிமிர்ந்து நடந்தேன். நினைத்தால் கூசுகிறது கஸ்தூரி. என் மானத்தை நீ காப்பாற்றினாய், உன் மானத்தை நான் காப்பாற்றவில்லை.

போன வாரம் கூடலூர்க்காரர்கள் வந்தார்கள். எல்லோர் முன்னாலும் குறை என்னிடம்தான், என் பெண்டாட்டி எனக்காகப் பழி சுமந்தாள், எனக்கு வேறு பெண் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்கள். அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், "அந்தப் புள்ள எதுக்குலே அப்படிச் சொல்லுச்சு?" என்று கேட்டு அழுதாள். நேற்றுப் பகலில் நான் படுத்திருந்தபோது, "சத்தம் போடாதீக, பய தூங்குறான்" என்று வாசலில் வந்தவர்களையெல்லாம் விரட்டியிருக்கிறாள்.

கோபம் தீர்ந்திருந்தால் வா. தீரவில்லையென்றால் அங்கேயே இருந்து நிதானமாகத் தீர்த்துக்கொண்டு வா. பிள்ளைக்காகக் கூப்பிடவில்லை, நீ இல்லாமல் எனக்கு முடியவில்லை. அதுவரை ஒரு கார்டு மட்டும் போடு. அதில் வேறு எதுவும் எழுத வேண்டாம். ராத்திரி நன்றாகத் தூங்கினாயா என்று மட்டும் எழுது.

என்றும் உனக்கு நன்றியுள்ள,
சுருளியாண்டி